முதலில் நம் மடையைப் பாருங்கள்!

உலகத்தில் இரண்டு பேரை ஊரார் சும்மா விடமாட்டார்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் கம்ப்யூட்டர் தெரிந்தவர். டாக்டரிடமாவது அவர் இருக்கும் இடத்தைத் தேடிப் போய் நாடியை நீட்டுவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவன் பாடுதான் திண்டாட்டம். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இலையில் விழும் சமயம் பார்த்து, பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "ஏனுங்க, எங்க வீட்டுல நெட்டு வரமாட்டேங்குதுங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

நான் ஒன்றும் மேதாவி அல்ல. இருபது வருஷமாக ஓர் அலுவலகத்தில் அந்தப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, பட்டும் கெட்டும் நாலு விஷயம் கற்றவன். ஆனால் மாமனார் வீட்டில் என் கியாதி வேறு. "மாப்பிள்ளைக்குத் தெரியாததா?" என்று அங்கே ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் காப்பாற்ற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு முறை அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என் மாமனாரேதான். அவருக்குக் கம்ப்யூட்டரை ‘ஆன்’ செய்யக்கூடத் தெரியாது!

மாமனார் ஊர் ஜேடர்பாளையம். பரமத்தி வேலூரிலிருந்து காவிரியை எதிர்த்துக்கொண்டு கரையோடு போனால், வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் கரும்புமாகப் பச்சை மாறாமல் வந்துகொண்டேயிருக்கும். வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகையின் வாசனை மூக்கைப் பிடித்து இழுக்கும். ஊரில் படுகை அணை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, அணைக்குப் போகிறவர்கள் மீன் வறுவலைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை. அணையிலிருந்து ராஜ வாய்க்கால் புறப்படுகிறது. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று ஊரார் பெருமையோடு சொல்லும் வாய்க்கால் அது. மாமனார் பிறந்ததிலிருந்து அந்த வாய்க்கால் தண்ணீரோடு பழகியவர். இந்த விவரத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆடிப் பெருக்குக்கு முதல் நாள் மாலை நானும் என் மனைவியும் போய் இறங்கினோம். ஆடி பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் எள் போட்டால் எள் விழாது. ஊரே உற்சாகமாக இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் இழவு வீட்டு மௌனம்.

மைத்துனர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தார். இணைப்புக் கொடுத்த ஆளைத் திட்டுவதற்காக அழைக்கிறாராம். அந்த ஆள் எடுத்தபாடில்லை. மைத்துனரின் பெண், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கம்ப்யூட்டர் முன்னால் கண் கலங்க உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா விஷயம்?" என்றேன்.

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள காலேஜ் லிஸ்ட்டைக் கொடுத்தாகோணுங்க மாமா. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காத்தாலருந்து எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதோ இங்கிலீஷ்ல திட்டுது."

விஷயம் விளையாட்டல்ல. பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வு 2018-ஆம் ஆண்டிலிருந்து இணையத்தின் வழியாகவே நடக்கிறது. அதற்கு முன்பெல்லாம் தகப்பனும் பெண்ணுமாகச் சென்னைக்கு ரயிலேறி, அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து இடம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இப்போது அந்த அலைச்சல் இல்லை. ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலைக் குறித்த நேரத்துக்குள் பதிவு செய்யாவிட்டால், அந்தச் சுற்று கையை விட்டுப் போய்விடும்.

"செல்போனில் செய்துவிட்டால் என்ன?"

"அந்தச் சின்னத் திரையில ஒரு நம்பர் தப்பாப் போச்சுன்னா வேற காலேஜ் ஆயிடுமுங்க. அதுவுமில்லாம, இருபது நாளா விசாரிச்சு எழுதி வெச்ச லிஸ்ட் பென்டிரைவுல இருக்குது. அந்தப் பென்டிரைவும்..." என்று சொல்லி முடிக்காமல் அழுதுவிட்டாள்.

சரியாக அந்தச் சமயத்தில் மாமனார் தோளில் மண்வெட்டியோடு உள்ளே நுழைந்தார். விவரத்தைக் கேட்டார். மகனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"ஏண்டா, வயலுக்குத் தண்ணி வரலீன்னா என்ன பண்ணுவோம்? முதல்ல நம்ம மடையைப் பாக்கோணும். அப்புறம் நம்ம வாய்க்கா. அப்புறம் பக்கத்து வயல்ல தண்ணி நிக்குதான்னு பாக்கோணும். அங்கயும் இல்லீன்னாத்தான் ராஜ வாய்க்கா, அதுக்கு மேலதான் அணை. நீ என்னடான்னா எடுத்த எடுப்பிலயே மேட்டூருக்கு மனுப் போடறே!"

எனக்குச் சுரீரென்றது. இருபது வருஷ அனுபவத்தில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இணைப்புக் கோளாறு என்றால் இதுதான் ஐயா சூத்திரம்! நம் காலடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக மேலே போகவேண்டும். எந்தப் படியில் தண்ணீர் நிற்கிறதோ, அதற்கும் அடுத்த படிக்கும் நடுவில்தான் அடைப்பு.

"வாருங்கள் மாமா, நீங்கள் கேளுங்கள், நான் பார்க்கிறேன்" என்றேன்.

விளக்குகள் சொல்லும் கதை

சுவரில் மாட்டியிருக்கும் இணைப்புப் பெட்டிதான் முதல் மடை. இப்போது பல ஊர்களிலும் கண்ணாடி இழை வழியாகத்தான் இணையம் வருகிறது. மேலுறையை நீக்கிப் பார்த்தால் இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் வழியே ஒளி ஓடிவருகிறது. பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எலி கடித்திருக்கலாம், லாரி இழுத்து அறுத்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே பீரோவை நகர்த்தும்போது மடங்கியிருக்கலாம். நம்மால் ஆகக்கூடியது எதுவுமில்லை. கம்பெனிக்குச் சொல்ல வேண்டியதுதான். கழன்று கிடக்கும் இழையின் நுனியை மட்டும் யாரும் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

எங்கள் பெட்டியில் சிவப்பு இல்லை. எல்லாம் பச்சை. ஆனாலும் ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிஷம் பொறுத்து, மறுபடி போட்டேன். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். மாதக்கணக்கில் தூங்காமல் வேலை செய்தால் அதற்கும் புத்தி தடுமாறும். பாதிக் கோளாறுகள் இந்த அரை நிமிஷ ஓய்வில் தீர்ந்துவிடும். எங்கள் கோளாறு மீதிப் பாதியைச் சேர்ந்தது போலிருக்கிறது, தீரவில்லை.

"பக்கத்து வயலு?" என்றார் மாமனார்.

பக்கத்து வயல் என்பது செல்போன். அதே ‘வைஃபை’யில் செல்போனைச் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒரு ஜாக்கிரதை: செல்போனின் சொந்த டேட்டாவை முதலில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது தன் கைப்பணத்தைச் செலவழித்துப் பக்கத்தைத் திறந்து காட்டி நம்மை ஏமாற்றிவிடும். அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஜம்மென்று எல்லாம் திறந்தது!

மைத்துனர் காதிலிருந்து போனை எடுத்துவிட்டார். இணைப்புக்காரர் மேல் தப்பில்லை. அந்த ஆள் போனை எடுக்காமலிருந்தது இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று.

பெட்டிக்கு அருகே கிடைத்து, உள் அறையில் மட்டும் கிடைக்காவிட்டால் குற்றம் சுவரில் இருக்கிறது. பழைய வீட்டின் கனத்த சுவரும் இரும்புப் பீரோவும் வைஃபைக்குப் பரம விரோதிகள். அதன் இரண்டு அலைகளில் 5 என்பது வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டச் சக்தி குறைவு, 2.4 என்பது மெதுவானது, ஆனால் தூரம் போகும். உள் அறைக்கு 2.4 நல்லது.

அடுத்ததாக, பரீட்சையைத் திருப்பிப் போட்டேன். வைஃபையை விட்டுவிட்டு, செல்போனின் ‘ஹாட்ஸ்பாட்’டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தேன். அப்போதும் அதே திட்டு. ஆகவே கிணறு மாறினாலும் வயல் காய்கிறது. கோளாறு கம்ப்யூட்டருக்குள்ளேதான்!

எண்ணும் பெயரும்

கம்ப்யூட்டரில் கறுப்புக் கட்டளைத் திரை ஒன்று உண்டு. அதில் ‘பிங்’ என்று எழுதி ஓர் எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுள்ள இடத்தை அது கூப்பிட்டுப் பார்க்கும். 127.0.0.1 என்பது தன்னைத்தானே கூப்பிடுவது. 192.168.1.1 என்பது பல வீடுகளில் இணைப்புப் பெட்டியின் எண். 8.8.8.8 வெளியுலகத்தில் கூகுள் வைத்திருக்கும் ஒரு முகவரி. மூன்றும் பதில் சொன்னால் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது என்று பொருள். கம்ப்யூட்டரின் சொந்த எண் 169.254 என்று ஆரம்பித்தால், பெட்டி அதற்கு எண் கொடுக்கவில்லை, தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முறைத் தண்ணீர் ஒதுக்காத வயல் மாதிரி! இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கொடுத்தால் வராமலிருப்பதும் உண்டு. அது பெயர்ப் பட்டியலின் கோளாறு. இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் எண்தான் உண்மை. பெயர் நம் சௌகரியத்துக்காக. ஆரம்ப காலத்தில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பட்டியலாக எல்லாப் பெயரையும் எழுதி வைத்து, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் பெருகவே கட்டுப்படியாகாமல், 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பட்டியலைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டை வகுத்தார். ‘டி.என்.எஸ்.’ என்பது அதுதான். ஆனால் பழைய பட்டியலின் வாரிசாக ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பு இன்றைக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு மூலையில் கிடக்கிறது. கெட்ட புரோகிராம்கள் அதில் பொய் முகவரியை எழுதிவைத்து நம்மை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு.

எங்கள் கம்ப்யூட்டரில் எண்ணும் பதில் சொல்லிற்று. பெயரும் பதில் சொல்லிற்று. தண்ணீர் வயல் முழுவதும் நிற்கிறது, பயிர் மட்டும் குடிக்கமாட்டேன் என்கிறது! நான் விழித்தேன். மாப்பிள்ளையின் கியாதி காவிரியோடு போகிற சமயம்.

மாமனார் பேத்தியிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏங் கண்ணு, திட்டுதுன்னியே, என்ன சொல்லித் திட்டுதுன்னு படிச்சுப் பாத்தியா?"

அவளும் படிக்கவில்லை, மேதாவியாகிய நானும் படிக்கவில்லை. இப்போது படித்தேன். ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று அந்தப் பக்கம் காலையிலிருந்து கதறிக்கொண்டிருந்திருக்கிறது! திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி: 2013 ஜனவரி 1.

இணையத்தில் நம்பகமான ஒவ்வோர் இடமும் கையில் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று அதில் கண்டிருக்கும். கம்ப்யூட்டர் 2013-ஆம் வருஷம் என்று நினைத்துக்கொண்டு அதைப் பார்த்தால், இன்னும் பிறக்காத குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழா என்று சந்தேகப்பட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. அது செய்தது நியாயந்தானே?

தேதி ஏன் பின்னால் போயிற்று? கம்ப்யூட்டரின் வயிற்றில் காசு மாதிரி ஒரு பாட்டரி இருக்கிறது. பெயர் 2032; இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதே அந்தப் பெயர். சுவரில் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரம் ஓடுவது இதனால்தான். சில வருஷங்களில் இது தீர்ந்துபோகும். இடி மின்னலுக்குப் பயந்து முந்தின இரவு மெயினையே அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார் ஒருவர். பாட்டரி செத்துக் கிடந்ததால் கடிகாரம் பழைய காலத்துக்குப் போய்விட்டது.

"அணைச்சது நாந்தானுங்க" என்றார் மாமனார். "அப்பவே சொன்னனே, முதல்ல நம்ம மடையைப் பாக்கோணும்னு!"

தேதியைத் திருத்தினேன். கல்லூரிப் பக்கம் திறந்தது. மறுநாள் கம்ப்யூட்டரின் மின்கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டுப் புதுப் பாட்டரியும் போட்டேன். விலை ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக்குக்கூடக் காணாது.

காணாமற்போன கோப்புகள்

இனி அந்தப் பென்டிரைவ். இரண்டு நாளுக்கு முன் ஜெராக்ஸ் கடை ஒன்றில் அதைச் செருகியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கோப்புறைகள் எல்லாம் போய், அதே பெயரில் சின்ன அம்புக்குறி போட்ட படங்கள் நிற்கின்றன. அழுத்தினால் திறக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாம் போச்சும்மா, ஃபார்மட் பண்ணிடலாம்" என்றாராம். ஃபார்மட் என்றால் சுத்தமாகத் துடைத்துவிடுவது. கல்லூரிப் பட்டியல் போனால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே பென்டிரைவில், இரண்டு வருஷத்துக்கு முன் காலமான என் மாமியாரின் படங்களும், பேத்தி விளையாட்டாகப் பிடித்து வைத்த அவருடைய பேச்சும் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. மாமனாருக்கு அது இன்னும் தெரியாது. பெண் அழுததன் காரணம் இப்போது புரிந்தது.

பென்டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’ பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அந்தப் பென்டிரைவில் ஐந்து ஜி.பி. இடம் நிரம்பியிருந்தது! பூட்டிய வீட்டில் புகை வந்தால் உள்ளே யாரோ சமைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இது ‘ஷார்ட்கட் வைரஸ்’ என்பதன் வேலை. அது கோப்புகளை அழிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ‘மறைவு’, ‘சிஸ்டத்தைச் சேர்ந்தது’ என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் அம்புக்குறிப் படத்தை வைக்கிறது. நாம் அம்புக்குறியை அழுத்தும்போது நம் கம்ப்யூட்டரிலும் புகுந்துகொள்கிறது. ஆகவே அம்புக்குறியைத் தொடவே கூடாது. முதலில் விண்டோஸிலேயே இருக்கும் ‘டிஃபெண்டர்’ காவற்காரனைக் கொண்டு பென்டிரைவையும் கம்ப்யூட்டரையும் சோதனை போட்டேன்.

பிறகு கறுப்புத் திரையில் ‘அட்ரிப்’ என்ற கட்டளை. அதை அடுத்து ஹெச், ஆர், எஸ் மூன்று எழுத்துக்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கழித்தல் குறி. பிறகு சாய்கோட்டுடன் எஸ், சாய்கோட்டுடன் டி. கடைசியில் பென்டிரைவின் எழுத்து, இரட்டைப் புள்ளி, பின்சாய்கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே இடம் விடவேண்டும். பின்சாய்கோட்டுக்குப் பிறகு மட்டும் விடக்கூடாது. பென்டிரைவின் எழுத்தைத்தான் போடவேண்டும். மறந்தும் ‘சி’ என்று போடாதீர்கள். முத்திரையை அழி என்று சொல்லும் கட்டளை இது. அரை நிமிஷம் ஓடிற்று. கோப்புறைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வரிசையில் நின்றன.

தூர் வாரலாம், கரையை வெட்டக் கூடாது

காரியம் முடிந்தது என்று எழுந்திருக்கும்போது மைத்துனர், "அப்படியே உள்ளே ஒளிஞ்சு கிடக்கிற குப்பையை எல்லாம் அழிச்சுடுங்க மாப்ளே, ‘சி’ நிறைஞ்சு போச்சு" என்றார். மாமனார் குறுக்கிட்டார்: "வாய்க்காலைத் தூர் வாரும்போது, மண்ணு எது, கரை எதுன்னு தெரிஞ்சவன்தான் மண்வெட்டியைப் புடிக்கோணும்."

நூற்றில் ஒரு வார்த்தை! மறைந்திருப்பதெல்லாம் குப்பை அல்ல. விண்டோஸ் தன் முக்கியமான சாமான்களைத்தான் நம் கைபடாமல் மறைத்து வைத்திருக்கிறது. ‘பேஜ்ஃபைல்’, ‘ஹைபர்ஃபில்’ என்று பூதாகாரமாக இரண்டு மறைவுக் கோப்புகள் கண்ணில் படும். முதலாவது நினைவுக்கு இடம் போதாதபோது உதவுவது. இரண்டாவது கம்ப்யூட்டர் நித்திரை போகும்போது நினைவை எழுதி வைப்பது. ‘சிஸ்டம் 32’ என்ற கோப்புறையோ வீட்டின் அஸ்திவாரம். ‘ஆப்டேட்டா’ என்ற மறைவுக் கோப்புறையில் நாம் தினமும் பயன்படுத்தும் புரோகிராம்களின் கணக்கு வழக்கெல்லாம் இருக்கிறது. இவற்றில் ஒன்றிலும் கை வைக்க வேண்டாம்.

வாரக்கூடிய வண்டல் வேறு. ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ஸ்டோரேஜ்’ என்று வரிசையாகப் போய் ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ என்பதைத் திறந்தால், கம்ப்யூட்டரே கூட்டி ஒதுக்கி வைத்த குப்பையின் பட்டியல் வரும். தாற்காலிகக் கோப்புகள், பழைய அப்டேட்டுகளின் மிச்சம், சின்னப் படங்களின் நகல்கள் எல்லாம் தாராளமாகப் போகலாம். அந்தப் பட்டியலிலேயே ‘டவுன்லோட்ஸ்’ என்றும் ஒரு வரி இருக்கலாம். அங்கேதான் விபத்து! அதன் எதிரே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நாம் இறக்கி வைத்த மதிப்பெண் பட்டியலும் ரசீதும் அதில்தான் இருக்கும். ‘ரீசைக்கிள் பின்’ தொட்டியையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் புதிய விண்டோஸுக்கு மாற இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. காவல் இல்லாத வீட்டுக்குத்தான் ஷார்ட்கட் வைரஸ் போன்ற விருந்தாளிகள் விரும்பி வருவார்கள்.

மறுநாள் ஆடிப் பெருக்கு. மத்தியானத்துக்குள் பெண் தன் பட்டியலைப் பதிவு செய்துவிட்டாள். பென்டிரைவில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நகலும், வெளியில் இன்னொரு டிஸ்கில் ஒரு நகலுமாக எடுத்து வைத்தேன். ஒரே இடத்தில் இருக்கும் கோப்பு இன்னும் தொலையாத கோப்பு, அவ்வளவுதான்.

வீட்டார் எல்லாரும் ஆற்றுக்குப் புறப்பட்டோம். மாமனாரைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பேத்தி பக்கத்தில் நின்றாள். பெட்டிக்குள்ளிருந்து என் மாமியாரின் குரல் கேட்டது. வேறு ஒன்றுமில்லை, அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கோபித்துக்கொள்கிற குரல்தான்: "எத்தனை தடவ கூப்புடறது? சோறு ஆறிப் போகுதுங்க!"

மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "இன்னொரு தடவ போடச் சொல்லுங்க மாப்ளே" என்றார்.

இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் யாராவது "நெட்டு வரமாட்டேங்குதுங்க" என்று ஆரம்பித்தால், நான் பாயசத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. "உங்கள் மடையைப் பார்த்தீர்களா? அது என்ன சொல்லித் திட்டுகிறது, படித்தீர்களா?" என்று இரண்டே கேள்வி கேட்கிறேன். பெரும்பாலோர் பாயசம் தீர்வதற்குள் பதிலோடு திரும்பி வந்துவிடுகிறார்கள்.